ஸ்டுட்கார்ட்ல எங்க தங்கறது? வாடகையை பாக்கறதுக்கு முன்னாடி விலாசத்தை பாரு

கேள்வி: அக்கா, எனக்கு ஸ்டுட்கார்ட் யுனிவர்சிட்டில எம்.எஸ்சி சீட் கிடைச்சிருக்கு. அக்டோபர்ல கிளாஸ் ஆரம்பம், எல்லாமே ஃபைஹிங்கன் கேம்பஸ்லன்னு சொல்றாங்க. ஃபீஸ் லோன்ல தனியா வந்துடும், மாச செலவுக்கு பிளாக்டு அக்கவுண்ட் பணம் மட்டும்தான், அதாவது விசாவுக்காக முன்னாடியே பேங்க்ல போட்டு வச்சு மாசா மாசம் கொஞ்சமா எடுக்கற பணம். தங்கறதுக்கு நாலு வழி இருக்கு. ஒண்ணு, மாணவர் விடுதி, அப்ளை பண்ணிட்டேன், வெயிட்டிங் லிஸ்ட்னு மெயில் வந்துச்சு, அதோட சரி. ரெண்டாவது, ஒரு பிரைவேட் ஸ்டூடண்ட் அபார்ட்மென்ட், மாசம் 780 யூரோ, இப்பவே ஆன்லைன்ல 12 மாச காண்ட்ராக்ட் கையெழுத்து போடணும். மூணாவது, ஒரு சீனியர் வீடு, ரெண்டு ரூம்ல ஏற்கனவே நாலு பேர், ஹால்ல மெத்தை போட்டுக்கலாம், 230 யூரோ, "ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் டா"ன்னு சொல்றாரு. நாலாவது, ஹெரன்பெர்க்னு ஒரு ஊர்ல ஒரு வயசான அம்மா அவங்க வீட்லயே ஒரு ரூம் தராங்க, ஃபர்னிச்சரோட 420 யூரோ, ஆனா ரயில்ல போகணும். அப்பா மூணாவதுக்கு போன்னு சொல்றாரு, நம்ம பசங்க இருக்காங்க, சாப்பாட்டுக்கு பிரச்சனை இல்ல, காசும் மிச்சம்னு. எனக்கு முடிவு பண்ண தெரியல. நீங்க என்ன சொல்றீங்க?

பதில்:

தம்பி, சீட் கிடைச்சதுக்கு வாழ்த்துகள். நீ நாலு வழியையும் எழுதியிருக்க, வாடகை, தூரம் எல்லாம் யோசிச்சிருக்க, ஆனா ஒரு விஷயத்தை மூணாவதுல மட்டும் போற போக்குல சொல்லிட்டு போயிட்ட, "ரிஜிஸ்ட்ரேஷன் அப்புறம் பாத்துக்கலாம்"னு. பல வருஷமா இங்க வர்ற மாணவர்களுக்கு வீடு, விசா விஷயத்துல உதவி பண்ற வேலைல இருக்கேன், எங்கிட்ட அழுதுக்கிட்டு வந்த பசங்கள்ல பாதிப் பேருக்கு பிரச்சனை ஆரம்பிச்ச இடம் அந்த ஒரு வரிதான். அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கறேன்.

ஜெர்மனில வீடுங்கறது தூங்கற இடம் மட்டும் இல்ல, அது உன் விலாசம். குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள அந்த ஊர் முனிசிபல் ஆபீஸ்ல, பியுர்கர்பியூரோன்னு சொல்வாங்க, உன் பேரை பதியணும், அதுக்கு பேரு ஆன்மெல்டுங். இது சட்டம். பதியறதுக்கு பாஸ்போர்ட் மட்டும் கொண்டு போனா பத்தாது, வீட்டுக்காரர் "ஆமா, இவர் இந்த தேதில என் வீட்டுக்கு குடி வந்தார்"னு கையெழுத்து போட்ட ஒரு பேப்பர் வேணும், 2015 நவம்பர்ல இருந்து அது கட்டாயம். அந்த பேப்பருக்கு பேரு வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங், வாயில நுழையாது, ஆனா இந்த பேரை மனப்பாடம் பண்ணிட்டு வா, நீ இங்க கேக்கப்போற முதல் பேப்பர் இதுதான்.

அது இல்லேன்னா என்ன ஆகும்னு வரிசையா யோசிச்சு பாரு. டாக்ஸ் நம்பர் உன் பதிஞ்ச விலாசத்துக்கு லெட்டர்ல வரும், நீ பதியலேன்னா வராது, அந்த நம்பர் இல்லாம பார்ட் டைம் வேலைக்கு சேர்ந்தா இருக்கறதுலயே அதிகமான வரி வகுப்புல சம்பளத்தை பிடிப்பாங்க. இன்சூரன்ஸ் கார்டு தபால்ல வரும், பேங்க் கார்டு ஒரு கவர்ல வரும், அதோட பின் நம்பர் வேற ஒரு கவர்ல வரும். விசாவை ரெசிடென்ஸ் பர்மிட்டா மாத்தறதும் நீ எந்த ஊர்ல பதிஞ்சிருக்கியோ அந்த ஊருக்கான வெளிநாட்டவர் ஆபீஸ்தான் பண்ணும், பதியாதவனுக்கு எந்த ஆபீஸும் இல்ல. நீ கொண்டு வர்ற விசா சில மாசத்துக்குத்தான் இருக்கும், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதுக்கே நாள் ஆகும், அதனால "அப்புறம்"ங்கற வார்த்தைக்கு இங்க இடமே இல்ல.

இன்னொண்ணு, சின்ன விஷயம்தான் ஆனா யாரும் சொல்ல மாட்டாங்க. லெட்டர் பாக்ஸ்ல உன் பேர் எழுதியிருக்கணும். விலாசம் சரியா இருந்தும் பாக்ஸ்ல பேர் இல்லேன்னா தபால்காரர் திருப்பி எடுத்துட்டு போயிடுவாரு, ஏன்னா இங்க ஃபிளாட் நம்பர் வச்சு தபால் போடறது வழக்கம் இல்ல, பேரை வச்சுத்தான். குடி போன அன்னைக்கே ஒரு துண்டு பேப்பர்ல எழுதியாவது ஒட்டிடு.

இப்ப அந்த சீனியர் வீட்டுக்கு வரேன். அவர் கெட்டவர்னு நான் சொல்ல வரல, நிறைய பேர் நல்ல மனசோடதான் கூப்பிடறாங்க, புது பையன் தெருவுல நிக்கக்கூடாதுன்னுதான். ஆனா ரெண்டு ரூம்ல அஞ்சாவது ஆளா போறப்ப அந்த வீட்டு காண்ட்ராக்ட்ல யார் பேர் இருக்குன்னு கேட்டியா? ஒருத்தர் ரெண்டு பேர் பேர்தான் இருக்கும். மத்தவங்க இருக்கறது வீட்டுக்காரருக்கு தெரியாம இருந்தா, அவரு உனக்கு அந்த பேப்பர்ல கையெழுத்து போடப்போறது இல்ல, அதான் "அப்புறம் பாத்துக்கலாம்". அனுமதி இல்லாம ஆள் சேர்த்திருக்காங்கன்னு தெரிஞ்சா அவரு மொத்த காண்ட்ராக்ட்டையே ரத்து பண்ண வழி இருக்கு, அப்ப டிசம்பர் குளிர்ல அஞ்சு பேரும் ஒரே நாள்ல வீடு தேடணும். இதுக்கு குறுக்கு வழியா "எங்க இன்னொரு ஃபிரெண்டு வீட்டு விலாசத்துல பதிஞ்சுக்கோ, இங்க தங்கிக்கோ"ன்னு யாராவது சொல்வாங்க, அதை தயவுசெஞ்சு பண்ணாத. குடியிருக்காத இடத்துல பதியறது சட்டப்படி தப்பு, அப்படி விலாசம் கொடுக்கறவங்களுக்கு 50,000 யூரோ வரைக்கும் அபராதம் போடலாம்னு சட்டத்துலயே இருக்கு. உனக்கு நல்லது பண்ண வந்த ஃபிரெண்டை அதுல மாட்டி விடாத.

வேற ஒரு ஊர்ல நடந்ததை சொல்றேன், ஒரு பொண்ணு, நல்லா படிக்கற பொண்ணு, இதே மாதிரி ஒரு வீட்ல சேர்ந்தா. 400 யூரோ டெபாசிட் கையில கேஷா கொடுத்தா, ரசீது இல்ல, கேக்கறதுக்கு கூச்சப்பட்டிருக்கா, நம்ம ஆளுங்ககிட்ட போய் எப்படி ரசீது கேக்கறதுன்னு. நாலு மாசம் கழிச்சு காண்ட்ராக்ட்ல பேர் இருந்தவரு வேலை கிடைச்சு வேற ஊருக்கு போயிட்டாரு, வீட்டை காலி பண்ண சொல்லிட்டாங்க, டெபாசிட் திரும்ப வரவே இல்ல. அது கூட பரவால்ல, அவ அது வரைக்கும் பதியவே இல்ல, கிடைச்ச முதல் வேலைல சம்பளத்துல பெரிய பங்கு வரியா போச்சு, அது மறு வருஷம் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வந்துச்சு. முதல் செமஸ்டர்ல ரெண்டு பரீட்சை எழுதல. படிக்க முடியாம இல்ல, ஒவ்வொரு வாரமும் ஒரு ஆபீஸ் வாசல்ல நின்னதாலதான். அவ எங்கிட்ட வந்தப்ப எனக்கு ரொம்ப வலிச்சுது, ஏன்னா இது ஜூலைல ஒரு கேள்வி கேட்டிருந்தா நடந்தே இருக்காது.

அப்புறம் குளிர்கால விஷயம். அஞ்சு பேர் மூச்சு விடறது, சமைக்கறது, ரூமுக்குள்ளயே துணி காய வைக்கறது, இந்த ஈரம் எல்லாம் குளிர்ந்த வெளிச்சுவர்ல போய் படிஞ்சு கருப்பா பூஞ்சை பிடிக்கும். இங்க அதுக்குத்தான் ஒரு நாளைக்கு சில தடவை ஜன்னலை முழுசா தொறந்து அஞ்சு பத்து நிமிஷம் காத்து விடுவாங்க, ஸ்டோஸ்லுஃப்டன்னு பேரு, ஜன்னலை லேசா சாய்ச்சு வச்சுட்டு நாள் முழுக்க விடறது பத்தாது, அதுல சுவர் இன்னும் குளிர்ந்து போகும். நெருக்கமா இருக்கற வீட்ல யாராவது ஒருத்தர் தூங்கிட்டு இருப்பாங்க, குளிருதுன்னு ஜன்னலை தொறக்க விட மாட்டாங்க. கடைசில பூஞ்சைக்கான செலவை டெபாசிட்ல கழிப்பாங்க. அந்த ஹால் மெத்தைல நீ ராத்திரி அசைன்மென்ட் எழுதறதையும் கொஞ்சம் கற்பனை பண்ணி பாரு.

780 யூரோ அபார்ட்மென்ட்டுக்கு கணக்கு ஒண்ணே போதும். பிளாக்டு அக்கவுண்ட்ல வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டா மாசம் 992 கையில வரும். மாணவர் ஹெல்த் இன்சூரன்ஸ் 140 யூரோவுக்கு மேல போகும். மிச்சம் 850 சொச்சம். அதுல 780 போனா சாப்பாடு, டிக்கெட், போன் எல்லாத்துக்கும் 70 யூரோ. பார்ட் டைம் பண்ணிக்கலாம்னு நினைப்ப, சட்டப்படி வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லேன்னா 280 அரை நாள் வேலை செய்யலாம், ஆனா முதல் செமஸ்டர்ல பாஷையும் புதுசு பாடமும் புதுசு, வேலையை நம்பி வாடகைக்கு கையெழுத்து போடறது வேணாம். அதுவும் 12 மாசம் நடுவுல வெளிய வர முடியாம. அதை விட்டுடு.

விடுதி பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நீ அதை கை விட்ட மாதிரி எழுதியிருக்க. விடுதிகளை நடத்தறது யுனிவர்சிட்டி இல்ல, ஷ்டுடீரெண்டன்வெர்க்னு தனி அமைப்பு, கேன்டீனும் அவங்கதான். வாடகைக்குள்ளயே ஹீட்டர், தண்ணி, கரண்ட், இன்டர்நெட் அடங்கிடும், பதியறதுக்கு பேப்பர் தானா கிடைக்கும், ஃபைஹிங்கன் கேம்பஸ்லயே நடந்து போற தூரத்துல பெரிய விடுதிகள் இருக்கு. வெயிட்டிங் லிஸ்ட்னு வந்தா இல்லேன்னு அர்த்தம் இல்ல, அக்டோபர்ல எல்லாரும் ஒரே நேரத்துல வர்றதால கூட்டம், அப்புறம் எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் கிளம்பறப்ப, செமஸ்டர் முடியறப்ப ரூம் காலியாகும். நீ பண்ண வேண்டியது, அவங்க நடுநடுவுல "இன்னும் ரூம் வேணுமா"ன்னு கேட்டு மெயில் அனுப்பினா அதுக்கு நாள் தவறாம பதில் போடறது. இந்த மெயில் ஸ்பாம்ல போய் விழுந்து லிஸ்ட்லேருந்தே பேர் போன பசங்களை பாத்திருக்கேன். அப்புறம் குறிப்பிட்ட ஒரே ஒரு விடுதிதான் வேணும்னு போட்டிருந்தா அதை மாத்து, எதுனாலும் சரின்னு போடு. இன்னொரு சின்ன கணக்கும் வச்சுக்கோ, ரேடியோ டிவி கட்டணம்னு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ உண்டு, பகிர்ந்து இருக்கற வீட்ல எல்லாரும் சேர்ந்து ஒண்ணுதான் கட்டுவாங்க, ஆனா விடுதில பொது வராண்டாவுல கதவு இருக்கற தனி ரூம்னா அது தனி வீடு கணக்கு, நீயே முழுசா கட்டணும். லெட்டர் வந்தா ஏதோ மோசடின்னு தூக்கி போட்டுடாத, அது நிஜம்தான்.

இப்ப ஹெரன்பெர்க் அம்மா. தம்பி, நான் உன் இடத்துல இருந்தா இதைத்தான் எடுப்பேன், ஆனா சில கேள்வி கேட்டுட்டு.

முதல்ல தூரம், ஏன்னா நீ அதைத்தான் குறையா எழுதியிருக்க. இங்க புறநகர் ரயிலுக்கு எஸ்-பான்னு பேரு, அதுல எஸ்1ங்கற லைனோட கடைசி ஸ்டேஷன் ஹெரன்பெர்க், அதே லைன் போப்லிங்கன், ஃபைஹிங்கன் வழியா வந்து யுனிவர்சிட்டேட்னு உன் கேம்பஸ் பேர்லயே இருக்கற ஸ்டேஷன்ல நிக்கும். மாறவே வேணாம். அரை மணி நேரம் சொச்சம். கடைசி ஸ்டேஷன்ல ஏறறதால காலைல உக்கார இடம் கிடைக்கும், அது சின்ன விஷயம் இல்ல, போக ஒரு அரை மணி வர ஒரு அரை மணி படிக்கலாம். சிட்டிக்குள்ள இருந்தா கூட பஸ் ஒண்ணு ரயில் ஒண்ணுன்னு மாறி இதே நேரம் ஆகற இடங்கள் நிறைய இருக்கு, மேப்ல கிலோமீட்டரை பாக்காத, எத்தனை தடவை மாறணும்னு பாரு. ஒண்ணு மட்டும் பாத்துக்கோ, ராத்திரி கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு, வார நாள்லயும் வாரக் கடைசிலயும் தனித்தனியா, லேப்ல லேட்டாகற நாள் வரும். டிக்கெட் செலவுக்கு, பாடன்-வ்யுர்ட்டம்பர்க் மாநிலத்துல மாணவர்களுக்கு 27 வயசுக்குள்ள இருந்தா குறைஞ்ச விலைல ஒரு டிக்கெட் உண்டு, நாடு முழுக்க எஸ்-பான், பஸ், லோக்கல் ரயில் எல்லாத்துலயும் செல்லும், அதனால ஊருக்கு வெளிய இருக்கறதால டிக்கெட் காசு அதிகமாகாது.

இந்த மாதிரி ரூம்ல சட்டத்துல ஒரு தனி விதி இருக்கு, இதை நீ நல்லா புரிஞ்சுக்கணும். சாதாரணமா வாடகை வீட்டை காலி பண்ண மூணு மாச நோட்டீஸ். ஆனா வீட்டுக்காரர் தான் குடியிருக்கற வீட்டுக்குள்ளயே ஃபர்னிச்சரோட ஒரு ரூமை தனி ஆளுக்கு விட்டா, மாசம் 15ஆம் தேதிக்குள்ள எழுத்துல சொல்லிட்டா அந்த மாசக் கடைசியோட முடிஞ்சுது. அவங்களும் உன்னை அப்படி சொல்லலாம், அது ஒரு ரிஸ்க்தான், நான் மறைக்க மாட்டேன். ஆனா உன் நிலைமைக்கு இது ஒரு வசதி, ஏன்னா ஜனவரில விடுதில ரூம் வந்துச்சுன்னா மூணு மாச வாடகை ரெண்டு பக்கமும் கட்டாம கிளம்பிடலாம். காண்ட்ராக்ட்ல இதைவிட நீளமான நோட்டீஸ் போட்டிருக்காங்களான்னு மட்டும் பாரு.

420 யூரோவுல என்னென்ன அடங்கும்னு கேளு. இங்க ரெண்டு வாடகை சொல்வாங்க, கால்ட்மீட்டெ வெறும் ரூமுக்கு, வார்ம்மீட்டெ ஹீட்டர், தண்ணி, குப்பை எல்லாம் சேர்த்து. சேர்த்துன்னு சொன்னாலும் அது நிரந்தரமான ஒரே தொகையா, இல்ல அட்வான்ஸா வாங்கி வருஷக் கடைசில கணக்கு பாக்கறதான்னு கேளு. அட்வான்ஸ்னா ஹீட்டர் அதிகமா ஓடின வருஷத்துக்கு பிற்பாடு ஒரு பில் வரும், கணக்கு வருஷம் முடிஞ்சு 12 மாசம் வரைக்கும் அனுப்ப அவங்களுக்கு நேரம் உண்டு, நீ மறந்தே போயிருப்ப. டெபாசிட் கால்ட்மீட்டெ போல மூணு மடங்குக்கு மேல கேக்க முடியாது, அதையும் மூணு மாசத் தவணையா கட்ட உனக்கு உரிமை இருக்கு, முதல் தவணை குடி போறப்பதான். பேங்க்ல அனுப்பு, கேஷ் வேணாம். உள்ள போன அன்னைக்கே சுவர், தரை, ஜன்னல், கட்டில் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அவங்களுக்கே மெயில் பண்ணிடு.

அவங்க நிஜமாவே இருக்காங்களான்னு பாக்கணும், இதை தப்பா எடுத்துக்காத. "நான் இப்ப வெளிநாட்டுல இருக்கேன், பணம் அனுப்பு, சாவி தபால்ல வரும்"னு ஒரு கதை வருஷா வருஷம் ஆகஸ்ட் செப்டம்பர்ல ஓடும், போட்டோ அழகா இருக்கும், வாடகை நம்ப முடியாத அளவுக்கு குறைவா இருக்கும். வீடியோ கால்ல வீட்டை சுத்தி காட்ட சொல்லு, வாசல்ல கதவு மணி பக்கத்துல பேர் பலகையை காட்ட சொல்லு, அந்த பேரும் காண்ட்ராக்ட்ல உள்ள பேரும் ஒண்ணா இருக்கணும். கையெழுத்து ஆன காண்ட்ராக்ட் கையில வராம ஒரு பைசா அனுப்பாத, பாஸ்போர்ட் காப்பியும் அனுப்பாத.

வயசானவங்க வீட்ல இருக்கறதுல சில பழக்கம் இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது, ஞாயித்துக்கிழமை முழுக்க அமைதி, டிரில்லிங், வாக்குவம் எதுவும் வேணாம். அந்த பக்கம் ஸ்வாபியா, அங்க கேர்வொஹேன்னு ஒண்ணு உண்டு, படிக்கட்டையும் வாசல் நடைபாதையையும் குடியிருக்கறவங்க வாரம் ஒருத்தர் முறை வச்சு சுத்தம் பண்ணணும், உன் முறை வந்தா கதவுல ஒரு அட்டை தொங்கும். இதை ரொம்ப சீரியஸா எடுத்துப்பாங்க, நீயும் எடுத்துக்கோ, அந்த படிக்கட்டை ஒழுங்கா பெருக்கின பசங்களுக்கு அவங்களே டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் போன் பண்ணி வாங்கி கொடுத்ததை நான் பாத்திருக்கேன். சமையல் பத்தி முன்னாடியே பேசிடு, தாளிக்கற வாசனை மூடின வீட்ல நாள் கணக்கா நிக்கும், எந்த நேரம் சமைக்கலாம், ஜன்னல் தொறந்து வைக்கலாமான்னு கேட்டுட்டா பின்னாடி மனசு கசக்காது. ஜெர்மன் பேசறதுக்கும் இதைவிட நல்ல இடம் அமையாது, கேம்பஸ்ல எல்லாரும் உங்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசுவாங்க.

அப்பா பக்கத்துல ஒரு நியாயம் இருக்கு, அதை நான் தள்ள மாட்டேன். முதல் குளிர்காலத்துல நாலரை மணிக்கே இருட்டிடும், அப்ப நம்ம பாஷைல பேச ஒரு ஆள் வேணும், காய்ச்சல் வந்தா ரசம் வச்சு கொடுக்க ஒரு ஆள் வேணும். அந்த சீனியரை விட்டுடாத. வந்து இறங்கின முதல் ராத்திரி ரெண்டு ராத்திரி விருந்தாளியா அங்க தங்கிக்கோ, சனி ஞாயிறு போய் சேர்ந்து சமைச்சு சாப்பிடு, ஒரு டப்பால கட்டிக்கிட்டு வா. அப்பாகிட்ட, அந்த வீட்டை விட மாசம் 190 யூரோ கூட போகுதுன்னு சொல்லு, அதுக்கு பதிலா பதிஞ்ச விலாசம், பூட்டற கதவு, மேசை இந்த மூணும் கிடைக்குதுன்னும் சொல்லு, இன்சூரன்ஸும் வாடகையும் போக 430 யூரோ கிட்ட கையில நிக்குதுன்னு கணக்கை பேப்பர்ல எழுதியே காட்டு. அவர் கவலைப்படறது காசுக்காக மட்டும் இல்ல, நீ தனியா இருப்பியேன்னுதான். வீடியோ கால்ல அந்த அம்மாவை அவரும் ஒரு தடவை பாக்கட்டும்.

இன்னைக்கே அவங்களுக்கு ஒரு மெயில் போடு. சுத்தி வளைக்க வேணாம், ஜெர்மன்லயே ஒரு வரி, "கன் இஹ் மிஹ் டோர்ட் ஆன்மெல்டன்?", அதாவது உங்க வீட்டு விலாசத்துல நான் பதிஞ்சுக்கலாமா. "யா"ன்னு பதில் வந்தா காண்ட்ராக்ட்டை கேட்டு வாங்கி, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பு, நோட்டீஸ் வரியையும் ஹீட்டர் வரியையும் நான் படிச்சு பாத்து சொல்றேன். முடியாதுன்னு பதில் வந்தா 420 இல்ல, 220னு சொன்னாலும் அந்த ரூம் உனக்கு வேணாம், அப்ப யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு எழுது, எஸ்1 லைன்லயே போப்லிங்கன், எஸ்லிங்கன் பக்கமா பதிய முடியற மாதிரி ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தற்காலிக ரூம் தேடுவோம், செமஸ்டர் லீவுக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் வெளியூர் போற மாணவர்கள் தங்களோட ரூமை உள்வாடகைக்கு விடுவாங்க, வீட்டுக்காரர் அனுமதி எழுத்துல இருக்கான்னு மட்டும் அங்கயும் கேக்கணும்.